இரண்டு வெட்டுக்கு நடுவே

கலீல்: ...அதான் தீர்ப்பு ஆயிடுச்சே ராஜவேலு. இன்னும் எதுக்கு தலையத் தொங்கப் போட்டுக்கினு நடக்கறே?

ராஜவேலு: மேடு பாய். குனிஞ்சாதான் ஏற முடியும்.

கலீல்: யாருகிட்ட சொல்றே. வாணியம்பாடிலருந்து இருவது வருஷமா கழுத ஓட்டிக்கினு கடுக்கா வாங்க வர்றவன் நான். இந்த மலையில எது மேடு, எது சமன்னு என் கழுதைங்களுக்கே தெரியும். இது சமன். "தன்னக் காப்பாத்திக்கச் செஞ்சது, குத்தம் இல்ல, போலாம்." நான் பின்னால நின்னு என் காதால கேட்டேன். டவாலி போட்டவன் கூண்டுக் கதவத் தொறந்து வுட்டான். நீ இன்னாடான்னா அங்கியே நின்னுக்கினு கெடந்தே.

ராஜவேலு: இன்னும் ஏதாவது கேப்பாங்கன்னு நெனச்சேன்.

கலீல்: எட்டு மாசம் கேட்டது பத்தலையா?

ராஜவேலு: பயந்தியான்னு கேட்டாங்க. பயந்தேன்னு சொன்னேன். அதோட முடிச்சிட்டாங்க.

கலீல்: அதுதானப்பா விசயமே. உன் பங்காளி துரைக்கண்ணு சந்தையில அத்தினி பேரு முன்னால இன்னா சொன்னான்? உன் தலைய எடுக்காம வுட மாட்டேன்னு சொன்னான். நான் கடுக்கா மூட்டைக்கு மேல குந்திக்கினு கேட்டேனே. மூணாம் நாளு இருட்டுல கையில கொடுவாளோட உன் கொல்லைக்குள்ள வந்தான். நீ சாமைக்குக் காவலா பரண்ல இருந்தே. உங்கிட்டயும் கொடுவா இருந்துது. நீ முந்திக்கினே. முந்தலன்னா இன்னைக்கு அவன இட்டுக்கினு வந்திருப்பேன்.

ராஜவேலு: அண்ணன் வாயிதான் அப்படி. சந்தையில கத்துவாரு. வூடு போறதுக்குள்ள மறந்துடுவாரு.

கலீல்: இத்த அன்னைக்கு யோசிச்சிருக்கணும். இருட்டுல கொடுவா தெரியும், வாயா தெரியும்? வுடு. அவன் பொண்டாட்டியே உன் பக்கம் சாட்சி சொல்லிச்சே. "வூட்டுல இருந்தேன், ஒரு கத்தல் கேட்டுச்சு, ஒரே மூச்சுல ரெண்டு வெட்டு கேட்டுச்சு"ன்னு. அந்த ஒரே மூச்சுலதான் உன் வக்கீலு உன்ன வெளிய இழுத்தாரு. புருசனக் குடுத்தவ உனக்கு உயிர குடுத்தா. அந்த மனசு யாருக்கு வரும்?

ராஜவேலு: அதான் பாய் எனக்குப் புரியல.

கலீல்: இன்னா புரியல?

ராஜவேலு: திரௌபதி அண்ணி ஏன் அப்படிச் சொல்லிச்சுன்னு.

கலீல்: நல்லது செஞ்சா ஏன்னு கேக்கறவன இன்னைக்குத்தான் பாக்கறேன். எட்டிப் போடு காலை. உன் பொண்டாட்டி ரஞ்சிதம் வாசல்லியே நிக்கும். பொறந்து அஞ்சு மாசம் ஆன பொண்ண இன்னும் பாக்கல நீ. பேரு கூட வெக்கல. "பாப்பா, பாப்பா"ன்னு கூப்புட்டுக்கினு கீது பாவம். ...ஏன் இப்படித் திரும்பறே? உன் வூடு அந்தப் பக்கம்.

ராஜவேலு: மொதல்ல அண்ணி வூடு.

கலீல்: அழுவறதுக்கா? நாளைக்குப் போய் அழுவலாம்.

ராஜவேலு: இல்ல பாய். அண்ணி வாசல்ல குடுக்க வேண்டியத குடுத்துட்டுதான் ஊருக்குள்ள போவணும். இல்லன்னா ரஞ்சிதமே எனக்குத் தண்ணி தராது. வெதைய நான் தொடக் கூடாது. பொண்ணத் தூக்கக் கூடாது.

கலீல்: கோர்ட்டே வுட்டுட்டுது. உங்க ஊரு இன்னா கோர்ட்டுக்கு மேலயா?

ராஜவேலு: ஊரு ஒண்ணும் பண்ணாது. அடிக்காது, ஏசாது. எங்க வழக்கம் அது. சாவறவன் கடைசியா பேசனது அவன் வூட்டுக்குச் சொந்தம். எவன் காதுல அது வுழுந்துதோ அவன்தான் அத்தக் கொண்டாந்து வாசல்ல குடுக்கணும். அவன் எப்படிச் சொன்னானோ அப்படியே. வூட்டுல இருக்கறவங்க அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லி உள்ள கூப்புடணும். அதுக்கப்பறம்தான் செத்தவன் உள்ள வந்து வூட்டு சாமியோட சேருவான்.

கலீல்: அதுவரைக்கும்?

ராஜவேலு: வெளியதான் நிப்பான்.

கலீல்: யா அல்லா. வெட்டனவனுக்கு மட்டுமா இந்த வழக்கம்?

ராஜவேலு: கூட இருந்தவன் யாரா இருந்தாலும். எங்கப்பன கரடி அடிச்சப்ப தேனெடுக்கக் கூடப் போனவன் வந்து எங்க வாசல்ல நின்னான். "தீப்பெட்டி நனஞ்சி போச்சிடா"ன்னு சொன்னான். அதுதான் எங்கப்பன் கடைசியாப் பேசனது. எங்கம்மா உள்ளருந்து, "பரவால்ல, அடுப்பு எரியுது, வா"ன்னுச்சு. அன்னைக்கே வந்துட்டாரு.

கலீல்: வந்துட்டாருன்னு எப்படித் தெரியும்?

ராஜவேலு: தெரியும் பாய்.

கலீல்: ...துரைக்கண்ணு ஒண்ணும் பேசாமலே செத்தான்னு நீ கோர்ட்டுல சொன்னியே?

ராஜவேலு: ஆமா. சொன்னேன்.

கலீல்: அப்ப அதையே போய்ச் சொல்லு. ஒரு நிமிசம். முடிஞ்சிடும்.

ராஜவேலு: ம்.

கலீல்: நம்ம பின்னால யாருனா வர்றாங்களா?

ராஜவேலு: இல்ல பாய்.

கலீல்: இருமல் கேட்டுது.

ராஜவேலு: கடுக்கா மரத்தாண்டலருந்து எனக்குக் கேட்டுக்கினுதான் இருக்குது. பின்னால இல்ல. முன்னால.

கலீல்: நட்ட நடு மத்தியானம். சும்மா பயமுறுத்தாத... ஏய், ஏய். நட. ஹை. இன்னாடா இது, ரெண்டு கழுதையும் நின்னுடுச்சி. பாம்பு கீதா பாரு.

ராஜவேலு: பாம்பு இல்ல. அந்தப் பலா மரத்தத் தாண்டினா அண்ணி வூடு.

திரௌபதி: கழுத வராது சாயபே. அங்கியே கட்டிட்டு நீங்க வாங்க.

கலீல்: திரௌபதியா? மஞ்சு மூடி ஆளே தெரியல. ஏன் தங்கச்சி வராது? போன மாசி மாசம் வாசல் வரைக்கும் வந்துதே.

திரௌபதி: மாசியில மஞ்சு இல்ல. ஆனி மழை புடிச்சதுலருந்து தெனம் மஞ்சு ஏறுது. மஞ்சு ஏறனா அவரு வந்து நிக்கறாரு. மாடு, நாயி எதுவும் அந்த எடத்தத் தாண்டறது இல்ல. மனுசனுக்கு ஒண்ணும் இல்ல, நீங்க தாண்டலாம்.

கலீல்: எந்த எடத்த?

திரௌபதி: பலா மரத்துக்கும் வாசலுக்கும் நடுவுல பாருங்க. எல்லா எடத்துலயும் மஞ்சு மூடிக்கீது இல்ல? ஒரு எடத்துல மட்டும் மூடல பாருங்க.

ராஜவேலு: பாய்?

கலீல்: ஆள் உசரத்துக்கு... வெட்டி எடுத்தாப்பல கீது.

திரௌபதி: அதான். குந்துங்க சாயபே, அந்தக் கல்லு மேல குந்துங்க. கூழு குடிக்கறீங்களா? ...ராஜவேலு, நீ தாவாரத்தத் தாண்டாத. அங்கியே நில்லு. மூஞ்சிய என் பக்கம் வெச்சுக்க. திரும்பிப் பாக்காத.

ராஜவேலு: வழக்கம் தெரியும் அண்ணி.

திரௌபதி: எளச்சிட்டே.

ராஜவேலு: உள்ள களி போடுவாங்க. எறங்காது.

திரௌபதி: அவரும் எளச்சிட்டாரு. வாசல்ல கூழு வெக்கறேன். பாக்கறதோட சரி. உள்ள கூப்புட்டா வர்றதில்ல. எப்படி வருவாரு, பேச்சு உங்கிட்ட கீது. சாவறதுக்கு முன்ன வெத்தலைக்கு மேல வெத்தலையா போட்டு என் உயிர எடுப்பாரு. இப்ப அதுவும் கேக்கறதில்ல. இருமறாரு, நிக்கறாரு.

கலீல்: தங்கச்சி, நீ தனியா இருந்து இருந்து...

திரௌபதி: பைத்தியம்னு சொல்லுங்க, பரவால்ல. ஊருல பாதி பேரு சொல்றாங்க. மீதிப் பேரு இந்தப் பக்கமே வர்றதில்ல. சாயபே, உங்க கண்ணுக்கு அந்த எடம் தெரியுதா இல்லையா?

கலீல்: ...தெரியுது.

திரௌபதி: அப்ப குந்துங்க. ராஜவேலு, குடு.

ராஜவேலு: அண்ணன் ஒண்ணும் பேசல அண்ணி. வெட்டு வுழுந்துது, சாஞ்சிட்டாரு. ஒரு சத்தம். அவ்ளோதான்.

திரௌபதி: அவ்ளோதானா?

ராஜவேலு: அவ்ளோதான்.

திரௌபதி: சரிய்யா. பேசலன்னா பரவால்ல. வா, உள்ள வா. ...அசையல.

கலீல்: அந்த எடம் அங்கியேதான் கீது.

திரௌபதி: வரமாட்டாரு. அது பேச்சு இல்ல. ராஜவேலு, உன் பொண்ண நான் பாத்தேன் தெரியுமா? குண்டா கீது. உங்கம்மா மூக்கு. ரஞ்சிதம் இடுப்புல வெச்சுக்கினு இந்த வழியாத்தான் தண்ணிக்குப் போவுது. எங்கிட்ட பேசாது. ஆனா புள்ள என்னப் பாத்து சிரிக்கும். இங்கருந்து உன் வூட்டுக்கு எவ்ளோ தூரம்?

ராஜவேலு: கூப்புடு தூரம்.

திரௌபதி: கூப்புடு தூரத்துல கீது. அத்த நெனச்சிக்கினு குடு.

ராஜவேலு: ...பேசனாரு.

கலீல்: ராஜவேலு.

ராஜவேலு: "உன்ன வுட மாட்டேன்டா, உன் தலைய எடுக்காம வுட மாட்டேன்." அப்படிச் சொல்லிக்கினேதான் வந்தாரு. அதுதான் கடைசி.

திரௌபதி: அது சந்தையில சொன்னது.

ராஜவேலு: கொல்லையிலயும் சொன்னாரு.

திரௌபதி: சிரிக்கறாரு.

ராஜவேலு: ...யாரு?

திரௌபதி: திரும்பாத. சிரிக்கறாரு. யாருனா பொய் சொன்னா அவருக்கு எப்பவும் சிரிப்பு வரும். கல்ல நகத்தலன்னு நீ அவருகிட்ட சத்தியம் பண்ணப்பவும் இப்படித்தான் சிரிச்சாரு. வரப்புக் கல்ல நகத்தினியா இல்லையா?

ராஜவேலு: அது இப்ப எதுக்கு?

திரௌபதி: நகத்தினியா?

ராஜவேலு: நகத்தனேன். நாலு சாண்.

திரௌபதி: ஆறு. நான் அளந்து பாத்தேன். வருசத்துக்கு ஒரு சாண், ஆறு வருசம். அவரு சந்தையில கத்துவாரு, வூட்டுக்கு வந்து "பங்காளி தானே, போவட்டும்"னுவாரு. எனக்குத்தான் வயிறு எரியும். சரி, அது போவட்டும். பேச்சக் குடு.

ராஜவேலு: சொன்னதுதான் அண்ணி. வேற இல்ல.

திரௌபதி: வேற கீது. எனக்குத் தெரியும்.

ராஜவேலு: எப்படித் தெரியும்? இருட்டு. அங்க நானும் அவருந்தான்.

திரௌபதி: நானும்.

கலீல்: இன்னா சொல்றே தங்கச்சி?

திரௌபதி: அவரு பின்னாலயே போனேன் சாயபே. கீழக் கொல்லையில எட்டி மரம் கீதே, அதுக்கு இந்தப் பக்கம் நின்னேன். ஒரு வெட்டு கேட்டுது. தொப்புனு வுழுந்த சத்தம் கேட்டுது. இரும்பு கல்லுல பட்டு எகிறி வுழுந்தது கேட்டுது, அது அவரு கொடுவா. அப்பறம் அவரு பேசனாரு. கத்தல, பேசனாரு. வூட்டுல பேசற மாதிரி மெதுவா. காத்து எதிர்ல அடிச்சுது, இன்னா பேசனாருன்னு காதுல வுழல. ஒரு வெத்தல மடிச்சு வாயில போடற நேரம் பேசியிருப்பாரு.

கலீல்: அப்பறம்?

திரௌபதி: அப்பறம் ரெண்டாவது வெட்டு.

கலீல்: ...கோர்ட்டுல ஒரே மூச்சுன்னு சொன்னியே.

திரௌபதி: சொன்னேன்.

கலீல்: சாமி மேல சத்தியம் பண்ணிட்டு சொன்னே. நான் பாத்தேன். இத்த அங்க சொல்லியிருந்தா இவனத் தூக்குல போட்டிருப்பாங்க.

திரௌபதி: போட்டிருப்பாங்க. போட்டா? அவரு பேச்சு இவன் தொண்டையில கீது. கயிறு இறுக்கனா அதுவும் சேந்து செத்துடும். அவரு எம்மாம் காலமானாலும் அந்த பலா மரத்தாண்டயே நிக்கணும். எனக்கு இவன் உயிரு வேணாம் சாயபே. இவன் உயிர வெச்சி நான் இன்னா பண்றது? எனக்கு அந்தப் பேச்சு வேணும். அதுக்காகத்தான் வரவழைச்சேன்.

கலீல்: நல்ல மனசுன்னு நான் வழியெல்லாம் சொல்லிக்கினு வந்தேன்.

திரௌபதி: தப்பா சொல்லிட்டீங்க.

கலீல்: நீ எதுக்கு அவன் பின்னால போனே? அந்த இருட்டுல?

திரௌபதி: ...மனசு கேக்கல. போனேன்.

ராஜவேலு: அண்ணி.

திரௌபதி: சொல்லு.

ராஜவேலு: அந்த நேரம் முழுக்க நீங்க அங்கியே நின்னீங்களா?

திரௌபதி: நின்னேன்.

ராஜவேலு: கூப்புட்டிருக்கலாமே அண்ணி. "வேலு"ன்னு ஒரு தடவ கூப்புட்டிருந்தா நிறுத்தியிருப்பேன். நெசமா நிறுத்தியிருப்பேன்.

திரௌபதி: வாய் வரல. நீ உன் பங்க சொல்லு.

ராஜவேலு: பாய், ஜட்ஜு பயந்தியான்னு கேட்டாரு. பயந்தேன். பொய் இல்ல. இருட்டுல அந்த இரும்பு மின்னுச்சு, எனக்கு ஒண்ணுக்கே வந்துடுச்சி. மொத வெட்டு நான் வெட்டல, என் பயம் வெட்டுச்சு. ஆனா எதுவரைக்கும் பயந்தேன்னு அவரு கேக்கல. கூண்டுல அதுக்குத்தான் நின்னேன். கேப்பாருன்னு. "அப்பறம் இன்னா ஆச்சு"ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

கலீல்: கேக்கலன்னா நீயா சொல்லணும்னு இல்ல. வக்கீலு சொன்னாரு இல்ல, ஒரு வாட்டி வுட்டா வுட்டதுதான்னு. வாய மூடிக்க.

திரௌபதி: சாயபே, நீங்க குறுக்க வராதீங்க.

கலீல்: நான் இவன உயிரோட கொண்டாந்து அவன் பொண்டாட்டிகிட்ட வுடறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

திரௌபதி: இவன் பேச்சக் குடுத்தா யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அதுவும் வழக்கம்தான். குடுத்தவன மறுபடி யாரும் கேக்க மாட்டாங்க.

ராஜவேலு: கேக்க மாட்டாங்க. ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சிக்கினே இருக்கும். என் பொண்ணு வளந்தா அதுக்கும் தெரியும்.

திரௌபதி: தெரியட்டும். எனக்குத் தெரிஞ்சிக்கினு நான் எட்டு மாசமா கூழு குடிக்கலையா?

ராஜவேலு: அண்ணன் வுழுந்தாரு. தோள்பட்டையில வெட்டு. கொடுவா எங்கியோ போச்சு. ரெண்டு கையும் வெறுங்கை, எனக்குத் தெரிஞ்சுது. மேல மேகம் வெலகி கொஞ்சம் வெளிச்சம் வந்துது. என்னப் பாத்துப் பேசனாரு. எனக்கு எல்லாம் கேட்டுது. எல்லாம் புரிஞ்சுது. அப்ப பயம் இல்ல அண்ணி. பயம் போயிடுச்சு.

கலீல்: பயம் போச்சுன்னா எதுக்குடா...

ராஜவேலு: அதான் பாய். வெட்டிட்டேன்னு தெரிஞ்சுது. தப்பா வெட்டிட்டேன்னு தெரிஞ்சுது. அவரு எழுந்தா காலையில ஊருக்கே தெரியும். கல்லு நகத்தனதும் தெரியும், வெறும் வாய்ப்பேச்சுக்கு பங்காளிய வெட்டனதும் தெரியும். எழுந்துக்கலன்னா... எழுந்துக்கலன்னா அவரு வெட்ட வந்தாருன்னு ஆயிடும். இத்தனையும் அந்த நேரத்துக்குள்ள நெனச்சேன். நல்லா நெனச்சிட்டுதான் கைய ஓங்கனேன்.

கலீல்: யா அல்லா.

ராஜவேலு: கண்ண மூடிக்கல அவரு.

திரௌபதி: ...பேச்சு.

ராஜவேலு: அது உங்களுக்கு வேணாம் அண்ணி. நான் வெட்டனத சொல்லிட்டேன். அதோட வுட்டுடுங்க. வழக்கம் தப்பனா தப்பட்டும். நான் இப்படியே எறங்கிப் போயிடறேன். பாய் கூட வாணியம்பாடிக்குப் போயி தோலு ஊற வெக்கற எடத்துல ஏதாவது வேல பாத்துக்கறேன்.

திரௌபதி: பொண்ணப் பாக்காமலா?

ராஜவேலு: பாக்காமலே. அந்தப் பேச்சுல உங்க பேரு கீது. அத்தக் கேட்டா நீங்க தூங்க மாட்டீங்க.

திரௌபதி: இப்ப தூங்கறேன்னு யாரு சொன்னா? அது எனக்கு இல்ல, அவருக்கு. குடு.

ராஜவேலு: பாய், நீங்களாவது சொல்லுங்க.

கலீல்: நான் இன்னா சொல்றது? அந்த எடம் கிட்ட வந்துடுச்சி ராஜவேலு. கழுதைங்க கயித்த அத்துக்கறாப்பல இழுக்குது. உன் முதுகுக்கு நாலு அடிதான். சீக்கிரம் சொல்லு.

ராஜவேலு: எனக்கு முதுகுல ஈரமா படுது.

திரௌபதி: கேக்கறாரு. அவரு எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்லு. ஒரு எழுத்து வுடாத.

ராஜவேலு: "வேலு... பன்னிக்குடா. கொடுவா பன்னிக்கு. நானா எடுத்தாரல. வழியில பன்னி திரியுதுன்னு உங்கண்ணி ஓடியாந்து கையில குடுத்தா. கல்லு அங்கியே கெடக்கட்டும்னு சொல்லத்தான்டா வந்தேன். கையக் குடு, எழுந்துக்கறேன்." அவ்ளோதான் அண்ணி. கையக் கூட நீட்டனாரு.

கலீல்: தங்கச்சி. இன்னாம்மா, உக்காரு. தண்ணி வேணுமா? ...பாவம், அவன் மேல ஆசைப்பட்டு பன்னிக்கு பயந்து குடுத்தது. அது வந்து இப்படி முடியும்னு யாருக்குத் தெரியும்? உன் மேல ஒரு தப்பும் இல்ல.

ராஜவேலு: அதுக்குத்தான் அண்ணி வேணாம்னு சொன்னேன். நீங்க நல்லதுக்குக் குடுத்தீங்க. அவரும் அத்த நம்பித்தான் சொன்னாரு. அந்தக் கொடுவா இல்லன்னா நான் பரண வுட்டே எறங்கியிருக்க மாட்டேன். அத்த நீங்க தெரிஞ்சிக்கக் கூடாதுன்னு நெனச்சேன்.

திரௌபதி: சரி. குடுத்துட்டே. பதில் நான் சொல்லணும்.

ராஜவேலு: சொல்லுங்க.

திரௌபதி: ...சரிய்யா. பன்னிக்குத்தான். எனக்குத் தெரியும். கேட்டுட்டேன். வா, உள்ள வா.

ராஜவேலு: வந்துட்டாரா?

கலீல்: இல்ல. நின்னுடுச்சி.

ராஜவேலு: நான் சரியாத்தான் சொன்னேன் அண்ணி. ஒரு எழுத்து வுடல. என் பொண்ணு மேல ஆணை.

திரௌபதி: தெரியும். நீ சரியாத்தான் சொன்னே.

ராஜவேலு: அப்பறம் ஏன்?

கலீல்: இன்னா தங்கச்சி இது? அவன் குடுத்துட்டான், நீ பதில் சொல்லிட்டே. இன்னும் இன்னா வேணுமாம்?

திரௌபதி: சிரிக்கறாரு.

ராஜவேலு: ...என்னப் பாத்தா?

திரௌபதி: இல்ல.

கலீல்: திரௌபதி?

திரௌபதி: சாயபே, ராஜவேலு, ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வழிய வுடுங்க. ...இந்தாய்யா. பன்னிக்கு இல்லய்யா. வெறுங்கையா போனா நீ அந்தக் கல்லக் குடுத்துட்டு கும்புட்டுட்டு வந்துடுவே. கையில இரும்பு இருந்தா கோவம் தானா வரும், நீ இவன வெட்டிட்டு வருவேன்னுதான் குடுத்தேன். அத்தப் பாக்கத்தான் பின்னாலயே வந்தேன். மொத வெட்டு நீ வெட்டனதுன்னுதான் நெனச்சேன்... உன் கொரலு கேட்ட பொறவுதான் வுழுந்தது நீன்னு தெரிஞ்சுது. கூப்புட்டா நான் நிக்கறது தெரியும்னு வாய மூடிக்கினேன். கேட்டியா? இப்ப உள்ள வா.